இணையக் கடை இடம் மாறும்போது தொலைந்துபோகிறவை

இணையக் கடை நடத்தும் ஒருவர், கடையை வேறொரு தளத்துக்கு, அதாவது கடையை இயக்கும் வேறொரு மென்பொருளுக்கு, மாற்ற என்ன செலவாகும் என்று கேட்டால், எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் மதிப்பீட்டின் முதல் வரியில் பொருட்கள் இத்தனை, வாடிக்கையாளர்கள் இத்தனை, படங்கள் இத்தனை என்ற எண்ணிக்கை இருக்கும். எண்ண முடிந்தவற்றுக்குத்தான் விலை போட முடியும் என்பதால் அப்படி எழுதுகிறோம். ஆனால், அப்படி எண்ணி வைத்த சரக்கு தொலைந்துபோய் நான் பார்த்தது அரிது. தொலைந்தவை எல்லாம் அந்த மதிப்பீட்டில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாதவை: கடை பல ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் கொடுத்துவைத்திருந்த முகவரிகள், வாடிக்கையாளர் கையில் இருந்த சாவிகள், இன்னும் வழியில் இருந்த பார்சல்கள், கணக்கரின் பில் வரிசை. மாற்றத்துக்கு ஒப்பந்தம் போடும் முன் கடைக்காரர் விசாரிக்க வேண்டியவை இவையே.

மாறத்தான் வேண்டுமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. கடை மெதுவாகத் திறக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குத் தளம் காரணமாக இருப்பதில்லை. கேமராவில் எடுத்தபடியே ஏற்றிய பெரிய படங்களும், யாரோ எப்போதோ நிறுவிவிட்டு மறந்த பிளக்இன்கள் என்ற துணை மென்பொருட்களும், மலிவு ஹோஸ்டிங்கும் (கடை குடியிருக்கும் வாடகை சர்வர்)தான் காரணம். இவற்றைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும். மாறியே ஆக வேண்டிய கட்டாயமும் சில நேரம் வரும். மெஜெண்டோ என்ற கடை மென்பொருளின் முதல் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜூன் 30 அன்றுடன் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 2,000 மெஜெண்டோ கடைகளில், பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்பில் இயங்கியவற்றில், வாடிக்கையாளரின் கார்டு விவரங்களைத் திருடும் நிரல் நுழைக்கப்பட்டது. அத்தகைய நிலையில் இருப்பவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் இங்கே விரிவாகச் சொல்லப்போவது தமிழ் நூல்களை விற்கும் ஒரு நடுத்தரக் கடையைப் பற்றி. வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளின் மேல் இயங்கும் வூகாமர்ஸ் என்ற கடைப் பிளக்இன்னில் அது பல ஆண்டுகள் நடந்தது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில், நேரில் வர இயலாதவர்கள் இணையத்தில் குவியும்போதெல்லாம் கடை படுத்துவிடும். நல்ல சர்வருக்கு மாறினாலே போதும் என்பது என் கருத்து. உரிமையாளரோ, தம்மிடம் தொழில்நுட்பம் அறிந்த ஆள் இல்லை, பிளக்இன்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கத் தம்மால் இயலாது, ஆகவே, சர்வரையும் மென்பொருளையும் தானே பார்த்துக்கொண்டு மாதக் கட்டணத்துக்குக் கடை தரும் ஷாப்பிஃபைக்கே போய்விடுவோம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. ஷாப்பிஃபையின் சொந்தப் பணம்பெறும் வசதி இந்தியாவில் கிடைப்பதில்லை என்பதையும், வெளி கேட்வே (பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம்) வழியாக வரும் ஒவ்வொரு விற்பனையிலும் மாதக் கட்டணத்துக்கு மேலாக அது ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையும், கேட்வேயின் கட்டணம் இதில் சேராது என்பதையும் கணக்கிட்டுக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

முகவரிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனெனில் அதிக இழப்பு நேர்வது அங்கேதான். வூகாமர்ஸில் ஒரு பொருளின் முகவரியில் வழக்கமாக 'புராடக்ட்' என்ற சொல் இருக்கும். ஷாப்பிஃபையில் அது 'புராடக்ட்ஸ்' என்றுதான் இருக்க வேண்டும், மாற்ற வழியில்லை. அந்த ஒரு 'எஸ்' எழுத்தால் கடையின் பொருள் முகவரிகள் அத்தனையும் ஒரே இரவில் செத்துப்போகும். கூகுள் அறிந்துவைத்திருப்பது, வாசகர்கள் முகநூலில் பகிர்ந்தது, எழுத்தாளர்கள் தங்கள் வலைப்பக்கத்தில் இணைத்தது எல்லாம் பழைய முகவரியைத்தான். ஆகவே ஒவ்வொரு பழைய முகவரிக்கும் நேர் எதிரே புதிய முகவரியை எழுதி, நிரந்தர மாற்றம் என்று பொருள்படும் 301 ரீடைரக்ட் போட வேண்டும். அந்த உழைப்புக்குச் சோம்பி, எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அத்தகைய திருப்பங்களைக் கூகுள், பக்கமே இல்லாததாகத்தான் எடுத்துக்கொள்கிறது. வாசகரும் தேடி வந்த நூலைக் காணாமல் திரும்பிப் போகிறார்.

தமிழில் முகவரி வைத்திருக்கும் கடைகளுக்கு இதில் கூடுதலான ஒரு கண்ணி இருக்கிறது. முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளுக்குள் ஒன்பது குறியீடுகளாக விரியும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறிகள். முகவரியில் அது 45 குறியீடுகள். முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடமோ 200 குறியீடுகள். அதாவது 22 குறிகளோடு, நம் எழுத்துக் கணக்கில் சுமார் 13 எழுத்துகளோடு, தலைப்பு நடுவில் வெட்டுப்படும். நான்கு பாகங்களாக வெளிவந்த ஒரு நூலின் நான்கு தலைப்புகளும் ஒரே இடத்தில் வெட்டுப்பட, வேர்ட்பிரஸ் இரண்டாவதன் வால் பகுதியில் 2 என்றும் மூன்றாவதில் 3 என்றும் ஒட்டிவிடும். பாகங்கள் எந்த வரிசையில் ஏற்றப்பட்டனவோ அந்த வரிசையில்தான் அந்த எண்கள் அமையும். இந்தக் கடையில் முதலில் ஏற்றப்பட்டது மூன்றாம் பாகம். தலைப்பைப் பார்த்து முகவரியை ஊகித்து அட்டவணை தயாரித்திருந்தால் முதல் பாகம் தேடி வந்தவர் மூன்றாம் பாகத்தின் பக்கத்தில் போய் நின்றிருப்பார். ஆகவே பழைய முகவரிப் பட்டியலைத் தலைப்புகளிலிருந்து தயாரிக்காதீர்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கடையின் சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்), கூகுள் செர்ச் கன்சோல் (கூகுள் அறிந்த பக்கங்களைக் காட்டும் கருவி), சர்வர் லாக் (எந்தப் பக்கத்துக்கு ஆள் வந்தது என்ற பதிவு) ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்து ஒன்றாக்குங்கள். கடைக்காரர் மறந்தே போன பக்கங்களைப் பெரும்பாலும் லாக்தான் காட்டிக்கொடுக்கும்.

சரக்குப் பட்டியலை எக்செல்லில் திறக்கும்போது கவனம் வேண்டும். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பைச் சொடுக்கித் திறந்தவுடன், ஐஎஸ்பிஎன் எனும் 13 இலக்க நூல் அடையாள எண்களை எக்செல் அறிவியல் முறைச் சுருக்க எண்ணாக மாற்றிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். இந்திய நூல்களின் எண்கள் 97881 என்றோ 97893 என்றோதான் தொடங்கும் என்பதால் சுருங்கிய பிறகு நூற்றுக்கணக்கான நூல்கள் ஒரே எண்ணோடு நிற்கும். மளிகைக் கடைக்காரரின் 890 என்று தொடங்கும் பார்கோடுகளுக்கும் இதே கதிதான். அந்த நெடுவரிசைகளை எண்ணாக அல்லாமல் உரையாக இறக்கவும், கோப்பை, தமிழ் எழுத்துகளும் அடங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் என்று குறிப்பிட்டுத் திறக்கவும் தவறினால், எண்கள் மட்டுமன்றித் தமிழும் கிறுக்கலாகும்.

படங்களில் நேரும் பிழை உடனே தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. அட்டைப் படங்களைப் புதிய தளம் தானே பழைய சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆனால் நூல் விளக்கத்தின் நடுவே செருகியிருக்கும் படங்கள், உள்பக்க மாதிரிகள் போன்றவை, பழைய சர்வரின் முகவரியை அப்படியே சுட்டிக்கொண்டு வந்து சேரும். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் அழகாகத் தெரியும். கடைக்காரர் பார்த்து மகிழ்ந்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதம் கழித்து ஹோஸ்டிங் காலாவதியாகும் நாளில் ஒவ்வொரு பக்கத்திலும் வெற்றுச் சட்டங்கள் நிற்கும். பழைய சர்வரை ஒரு மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்திவைத்துப் புதிய கடையைப் பார்க்காமல் எந்த வேலையையும் முடிந்தது என்று ஏற்காதீர்கள்.

வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு வர முடியாது. அது திரும்பப் பிரிக்க இயலாத வடிவில்தான் சேமிக்கப்படுகிறது, ஷாப்பிஃபையும் அதை ஏற்பதில்லை. அதன் புதிய கணக்கு முறையில் பாஸ்வேர்டே கிடையாது. மின்னஞ்சலுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை இட்டு உள்ளே போகலாம். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். இந்தக் கடையிலோ, கைபேசி எண்ணும் ஓடிபியும் கொண்டு நுழையும் பிளக்இன் ஒன்றை முன்பு நிறுவியிருந்தார்கள். மின்னஞ்சல் இல்லாமல் வேர்ட்பிரஸில் கணக்குத் திறப்பது சிரமம் என்பதால், அந்தப் பிளக்இன் வாடிக்கையாளரின் எண்ணை முன்னால் வைத்து இல்லாத மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தானே உருவாக்கி நிரப்பியிருந்தது. பெட்டியே இல்லாத முகவரிக்கு ஆறு இலக்க எண் எப்படிப் போய்ச் சேரும்? வயதில் மூத்த, விசுவாசமான வாசகர்கள்தாம் பெரும்பாலும் இப்படிப் பதிவாகியிருந்தார்கள். அவர்களுக்குக் கடையிலிருந்து ஒருவர் மூன்று வாரம் போன் செய்து உண்மையான மின்னஞ்சலைக் கேட்டு வாங்கினார். அந்த மூன்று வாரத்தை என் மதிப்பீட்டில் நான் எழுதியிருக்கவில்லை, பிழை என்னுடையது.

பணம் வரும் வழியையும் தனியே சோதிக்க வேண்டும். யுபிஐயில் பணம் செலுத்தும் பலர், பணம் போனதும் கடையின் பக்கத்துக்குத் திரும்பாமலே செயலியை மூடிவிடுவார்கள். அப்போது, பணம் வந்துவிட்டது என்று கடைக்குத் தெரிவிப்பது கேட்வே அனுப்பும் வெப்ஹூக் செய்தி மட்டுமே. அது பழைய கடையின் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால், வங்கியில் பணம் ஏறும், கடையில் ஆர்டர் இருக்காது. மாற்றிய முதல் நாளில் வங்கிக் கணக்கையும் ஆர்டர் பட்டியலையும் மணிக்கொரு முறை ஒப்பிடுவது அவமானமான வேலை அன்று. கேஷ் ஆன் டெலிவரியில் போன பார்சல்கள் பழைய ஆர்டர் எண்ணோடு வழியில் இருக்கும். கூரியர்காரர் வசூலித்து அனுப்பும் தொகையும், வாங்காமல் திரும்பி வரும் பார்சலும் அந்த எண்ணிலேயே வரும் என்பதால், பழைய கடையின் நிர்வாகப் பக்கத்தை, புதிய ஆர்டர் ஏற்காத நிலையில், குறைந்தது இரண்டு மாதம் திறந்துவைக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் நினைப்பதே இல்லை: 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டிப் பதிவு செய்யாத இணைப்பு உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அத்துறையின் ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவின்படி தடுக்கின்றன. பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் இணைப்பு புதிய தளத்தில் மாறிவிட்டால், அதைப் பதிவு செய்யும்வரை வாடிக்கையாளருக்குச் செய்தி போகாது. போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியாது.

ஷாப்பிஃபை தன் ஆர்டர் எண்களை 1001இலிருந்து தொடங்கும். முன்னொட்டு சேர்க்கலாமே தவிரத் தொடக்கத்தை மாற்ற இயலாது. ஆர்டர் எண்ணையே பில் எண்ணாகவும் வைத்து, பழைய கடையிலும் அந்த எண்ணில் பில் போட்டிருந்தால், ஒரே நிதியாண்டில் இரண்டு பில்கள் ஒரே எண்ணோடு நிற்கும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 குறிகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் வேறெதிலும் வராததாக இருக்க வேண்டும். வரியில்லாத அச்சு நூல்களுக்குப் போடும் வழங்கல் சீட்டுக்கும் இதே விதிதான். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ள அனுமதி இருப்பதால், புதிய கடைக்குப் புதிய முன்னொட்டு வைத்தால் தீர்ந்தது. ஏப்ரல் 1 அன்று மாறினால் கணக்கர் இன்னும் மகிழ்வார். புத்தகக் கடைக்கும் அது கூட்டம் குறைந்த காலம். பழைய பில்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காட்டக்கூடிய நிலையில் வைத்திருக்கவும் சட்டம் சொல்கிறது. ஷாப்பிஃபையின் நிர்வாகப் பக்கம் சிஎஸ்வி வழியே பழைய ஆர்டர்களை ஏற்காது என்பதால், தனிச் செயலி கொண்டு ஏற்றுங்கள், அல்லது முழுத் தரவுத்தளத்தையும் பில்களின் பிடிஎஃப்களையும் இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள்.

டொமைன், அதாவது கடையின் இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். முன்பு கடை அமைத்துக் கொடுத்த பையனின் கணக்கில் அது இருப்பதும், அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் இருப்பதும் நான் பலமுறை கண்ட காட்சி. அந்தப் பெயரைத் தேடி வருபவற்றை எங்கே அனுப்புவது என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றுகிறவர், அதற்குமுன் அங்கிருக்கும் எல்லாப் பதிவுகளையும், குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை, நகலெடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு இதைச் செய்ய மறந்து, புதிய கடையின் அழகை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த இரண்டு நாட்களும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வராமல் செய்தவன் நான்.

ரீடைரக்ட்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் அறிவுறுத்துகிறது. அந்தப் புத்தகக் கடை மாறி ஓராண்டு நிறைந்த பிறகு, இனி இவை எதற்கு என்று உரிமையாளர் கேட்டார். எடுக்குமுன் ஒரு வாரம் பார்ப்போம் என்று கணக்கெடுத்தேன். ஒரே ஒரு பழைய முகவரிக்கு நாள்தோறும் இரண்டு மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் கைபேசியிலிருந்து. அது என்னவென்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கடையில் பார்சல் கட்டும் அம்மாதான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகக் குறியை எடுத்து நீட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் புத்தகக் காட்சியில் கொடுப்பதற்காக ஆயிரக்கணக்கில் அச்சடித்ததாம். அதன் பின்புறம் கியூஆர் குறி ஒன்று இருந்தது. இன்னும் இரண்டு கட்டு மீதி இருப்பதாகவும், போகிற பார்சல் ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்துத்தான் அனுப்புவதாகவும் சொன்னார்.