விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லையா? சாம்பியன்ஸ் அறக்கட்டளையைக் கேளுங்கள்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார் சென்னைப் பெண் காசிமா. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழ்நாடு அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். போட்டிக்குப் போவதற்கு முன்பே தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பணம். பரிசு ஜெயித்த பிறகு வரும். டிக்கெட்டை அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.

வசதியான வீட்டில் இது ஒரு பேச்சே இல்லை. மற்ற வீடுகளில் அம்மாவின் நகை அடகுக்குப் போகும், அப்புறம் ஊர்ப் பெரியவர், கடை முதலாளி என்று ஒவ்வொருவராகப் பார்க்கப் போவார்கள். கொடுக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பெரிய மனிதர் யாரையும் தெரியாத பிள்ளை எங்கே போகும்?

அதற்காகத்தான் 2023 மே மாதம் இந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அரசு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, பொதுமக்களின் நன்கொடை எல்லாம் ஒரே இடத்தில் சேர்கிறது. போட்டிப் பயணம், பயிற்சி, விளையாட்டுக் கருவி போன்றவற்றுக்கு உதவி கேட்கலாம். விண்ணப்பம் அறக்கட்டளையின் இணையதளம் வழியாகத்தான். யாருடைய சிபாரிசுக் கடிதத்துக்கும் அலைய வேண்டாம்.

போட்டிக்கான அழைப்புக் கடிதம், இதுவரை வென்ற சான்றிதழ்கள், செலவுக் கணக்கு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வானது தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது போட்டால் பரிசீலிக்க நேரமே இருக்காது. இன்னொன்று, அங்கீகாரம் இல்லாத சங்கங்கள் நடத்தும் 'தேசியப் போட்டி'களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தச் சான்றிதழை நம்பி, பிறகு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கேட்கப் போனால் அது செல்லாது. பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்புவதைப் பார்க்கச் சகிக்காது.

ஏற்கெனவே பெரிய அளவில் பதக்கம் வெல்கிறவர்களுக்கு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வேறு மூன்று திட்டங்கள் உண்டு. எலைட் திட்டத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் வரை, சர்வதேசப் பதக்கங்களுக்கான மிம்ஸ் திட்டத்தில் 12 லட்சம் வரை, சாம்பியன்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 4 லட்சம் வரை. இவற்றில் இடங்கள் குறைவு, தேர்வும் கடினம்.

பள்ளிப் பிள்ளையாக இருந்தால் அரசு விளையாட்டு விடுதியை விசாரியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்கிறவர்களுக்கான தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். ஏப்ரல் பிறந்ததும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்த் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.