வறண்ட மண் மூட்டிய வெயில்: அமெரிக்காவின் 1936 கோடை

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பார்ஷல் என்றொரு சிற்றூர். 1936 பிப்ரவரி 15 அன்று அங்கே பதிவான குளிர் மைனஸ் 51 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், அதே மாநிலத்தில் உள்ள ஸ்டீல் என்ற ஊரில் ஜூலை 6 அன்று பதிவான வெப்பம் 49.4 டிகிரி. இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை. வித்தியாசமோ நூறு டிகிரி! அந்த மாநிலத்தின் உச்சக் குளிரும் உச்ச வெப்பமும் இன்றுவரை இவைதான்.

கன்சாஸ், நெப்ராஸ்கா, விஸ்கான்சின், மிச்சிகன், இந்தியானா மாநிலங்களின் உச்ச வெப்பமும் அதே கோடையில் பதிவானதுதான். அதன்பின் பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆனாலும் 1936-ஐ அங்கே எந்தக் கோடையும் தாண்டவில்லை. ஏன்?

பாதிக் காரணம் வானத்தில் இருந்தது. உயர் அழுத்த மண்டலம் ஒன்று ஓரிடத்தில் நிலைகொண்டுவிட்டால், மேலிருக்கும் காற்று மெல்லக் கீழிறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடிக் காற்று சுருங்கும். கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடேறும். மேகம் கூடாது, மழையும் பெய்யாது. ஆனால் இப்படிப்பட்ட அழுத்த மண்டலங்கள் அமெரிக்கச் சமவெளிக்குப் புதிதல்ல. அவை வந்த கோடைகளிலெல்லாம் 49 டிகிரி கொளுத்திவிடவில்லை.

மீதிக் காரணம் மண்ணில் இருந்தது. என் பார்வையில் அதுதான் முக்கியமானது.

ஈரமான நிலத்தில் விழும் வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். எட்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் கொண்ட ஒரு கூடத்தின் காற்று முழுவதையும் பத்து டிகிரி சூடாக்க அந்த ஆற்றல் போதும். மண்ணில் ஈரம் இல்லையென்றால், ஆவியாக்கப் போகவேண்டிய வெயில் மண்ணையும், அதன் மேலிருக்கும் காற்றையும் சுட வைக்கும். சூடான காற்று மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். நிலம் ஆவியை மேலே அனுப்பாததால் மழைக்கான வாய்ப்பும் குறையும். சூட்டால் மேலே உயர் அழுத்தம் இன்னும் வலுக்கும். வறட்சி வெப்பத்தை வளர்க்க, வெப்பம் வறட்சியை வளர்க்கும்.

1936-இல் அந்த மண் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியபோதும், அதன் பிறகும், ஆழமாக வேரோடிய புல்வெளிகளை டிராக்டர் கொண்டு உழுது தள்ளினார்கள். 1930-களில் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பிடித்துவைக்க வேர் இல்லாத மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புயல் பகலையே இருட்டாக்கியது. அந்த நாளை ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். வறட்சியை இயற்கை கொண்டுவந்தது உண்மைதான். அதை இவ்வளவு கொடியதாக்கியதில் கலப்பைக்கும் பங்கு உண்டு.

நெப்ராஸ்காவின் தலைநகர் லிங்கனில் ஜூலை 24 இரவு வெப்பம் 32.8 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. வீடுகளில் ஏசி இல்லாத காலம். செங்கல் சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே கக்கின. மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் புல்தரையில் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் 46 டிகிரி. அந்தக் கோடையில் நாடு முழுவதும் சுமார் 5,000 பேர் வெப்பத்துக்குப் பலியானார்கள்.

அப்படியானால் மண்ணில் ஈரம் இருந்தால் ஆபத்து இல்லையா? 1995 ஜூலையில் சிகாகோவில் நடந்தது வேறு கதை. அங்கே வெப்பம் 41 டிகிரியைத் தொட்டது. 1936-இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். உடம்பில் வியர்வை வழிந்தாலும் அது ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் ஆவியாவது தடைப்படும். இரவிலும் புழுக்கம் விடவில்லை. சில நாட்களுக்குள் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சடலங்களை வைக்கப் பிணவறையில் இடமில்லாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சாவுகள் புரியாது.

இன்று அந்தச் சமவெளிகளின் பல பகுதிகளில் மக்காச்சோளமும் சோயாவும் அடர்ந்து நிற்கின்றன. கோடையில் இந்தப் பயிர்கள் வெளியிடும் நீராவி பகல் வெப்பத்தைத் தணிக்கிறது, கூடவே புழுக்கத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவின் நடுமேற்கில் பகல் உச்ச வெப்பம் 1930-களைத் தாண்டாமல் இருப்பதற்கு இந்தப் பசுமையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்கு கன்சாஸ் போன்ற மழை குறைந்த பகுதிகளில் மக்காச்சோளத்துக்குப் பாய்வது பெரும்பாலும் ஓகலாலா நிலத்தடி நீர். மழை அதை நிரப்புவதைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே நீரை இறைக்கிறார்கள். சில இடங்களில் கிணறுகள் இப்போதே பாசனத்துக்குப் போதாத நிலைக்கு வந்துவிட்டன.