ஹியூமிடார்: ஈரப் பெட்டியா, பதப்பெட்டியா?

சுருட்டு காய்ந்து நொறுங்காமலும் பூசணம் பூக்காமலும் பார்த்துக்கொள்ளும், இறுக்கமாக மூடும் பெட்டிக்குப் பெயர் ஹியூமிடார். மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டியும் அதுதான். பெரிய கடைகளில் ஆள் உள்ளே போய்ச் சுருட்டு தேர்ந்தெடுக்கும் அறையும் அதுதான். (புகைப்பது உடலுக்குக் கேடு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.)

பார்வைக்கு லத்தீன் சொல் போலத் தோன்றினாலும் இது ஆங்கிலத்தில் பிறந்த சொல். சொற்பிறப்பு அகராதிகள் 1903ஐ ஒட்டி இதைக் காட்டுகின்றன. முன்பாதி 'ஹியூமிட்', ஈரமான என்று பொருள். அது லத்தீனின் 'ஊமிதுஸ்' வழி வந்தது. மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு, முன்னால் ஒரு ஹகரத்தைப் பழங்காலத்திலேயே ஒட்டிவிட்டார்கள். பின்பாதி வந்த வழிதான் வேடிக்கை. 'கஸ்பிடார்' என்ற சொல்லைப் பார்த்து அந்த 'ஆர்' ஒட்டைச் சேர்த்திருக்கிறார்கள். கஸ்பிடார் என்றால் எச்சில் படிக்கம்! துப்புதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது அது. புகையிலை மென்று துப்பும் பழக்கம் இருந்த காலத்தில் படிக்கம் எங்கும் புழங்கிய பண்டம். அதன் ஓசையை வாங்கிக்கொண்டு இந்த ஆடம்பரப் பெட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் ஹியூமிடார் 1996இல் நியூயார்க் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. வாங்கியவருக்கு இந்தப் படிக்க உறவு தெரியுமோ என்னவோ.

பிரெஞ்சுக்காரர்கள் இதைச் 'சுருட்டு நிலவறை' என்ற பொருளில் 'காவ் ஆ சிகார்' என்கிறார்கள். ஒயினை நிலவறையில் வைத்துப் பழகியவர்கள். ஈரத்தைப் பற்றிப் பேசாமல், பொருளைக் கெடாமல் வைக்கும் இடம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலத்தைவிட இதுதான் சரியாகப் படுகிறது. ஆங்கிலச் சொல் 'ஈரப்படுத்தும் கருவி' என்ற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. புதிதாகச் சுருட்டுப் பக்கம் வந்தவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த நினைப்பால்தான்.

பெட்டியின் வேலை ஈரத்தைக் கூட்டுவது அல்ல, நிறுத்தி வைப்பது. 70 பாரன்ஹீட் வெப்பம் (ஏறக்குறைய 21 செல்சியஸ்), 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் என்பது பழைய வாய்ப்பாடு. இப்போது பலர் 65ஐ ஒட்டி வைக்கிறார்கள். கியூபச் சுருட்டு வைத்திருப்பவர்கள் அதற்கும் கொஞ்சம் கீழே போவார்கள். 65ஆ 69ஆ என்பதில் பெரிய குற்றமில்லை. இன்று 60, நாளை 75 என்று ஆடுவதுதான் கெடுதல். இலை ஈரம் குடித்து உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். மேலுறை இலை வெடித்துவிடும்.

'ஒப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் இதையே 'சாரீரப்பதன்' என்கிறார்கள். அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே கணக்கு. 21 செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 18 கிராமுக்குச் சற்று மேல் தாங்கும். 70 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 13 கிராம். அதே காற்றை 26 செல்சியஸுக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு 24 கிராமைத் தாண்டிவிடும். ஒரு சொட்டு நீர்கூட வெளியே போகவில்லை, ஆனால் எண் 53 பக்கம் இறங்கிவிடும். நிஜப் பெட்டியில் மரமும் சுருட்டும் தம்மிடமுள்ள ஈரத்தைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுப்பதால் இவ்வளவு வீழ்ச்சி இருக்காது. ஆனாலும் வெயில் விழும் சன்னலோரம் பெட்டியை வைத்துவிட்டு ஈரம் குறைகிறதே என்று தண்ணீர் ஊற்றுகிறவர் நோயை விட்டு வேறெதற்கோ மருந்து கொடுக்கிறார். மூடியைத் திறந்ததும் எண் இறங்கினாலும் பதற வேண்டாம். மூடி வைத்தால் தானே ஏறும். பெட்டி காலியாகக் கிடந்தால் மெதுவாக ஏறும், நிறையச் சுருட்டு இருந்தால் சீக்கிரம் ஏறும்.

எண்ணையே நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பெட்டியோடு வரும் முள் வைத்த ஈரமானிகள் பல பொய் சொல்லும். சோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி குழையும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் போகாத பையில் ஒரு நாள் வைக்க வேண்டும். பைக்குள் 75 விழுக்காடு நிற்கும். அது உப்பின் இயல்பு. மானி 71 காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஈரத்தை நிறுத்தப் பெட்டிக்குள் வைக்க இப்போது கிடைக்கும் இருவழிப் பொட்டலங்களும் இதே இயல்பை வைத்துத்தான் வேலை செய்கின்றன. உள்ளே நிறைவுற்ற உப்புக் கரைசல். உறை வழியாக நீராவி மட்டும் போய்வரும். காற்று காய்ந்திருந்தால் கொடுக்கும், ஈரம் மிகுந்தால் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதில் சிலர் வைக்கும் நீர் நனைத்த பஞ்சுக்குக் கொடுக்க மட்டுமே தெரியும். பஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்புகள் பஞ்சை அடைத்துவிடும்.

புதுப் பெட்டியில் உடனே சுருட்டை அடுக்கக் கூடாது. புது மண்சட்டியைப் பழக்குவது போல இதையும் பழக்க வேண்டும். உட்பக்கம் இழைத்திருப்பது பெரும்பாலும் ஸ்பானிஷ் சீடர் மரம். பெயரில் சீடர் (தேவதாரு) இருந்தாலும் அந்த இனம் இல்லை. வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பம். காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். எனவே 84 விழுக்காட்டுப் பொட்டலங்களை வைத்து இரண்டு வாரம் மூடி வைத்தால் மரம் வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைக்கும் பழைய வழியில் பலகை நெளிந்துவிடலாம்.

சென்னை போன்ற கடலோர ஊரில் இன்னொரு சங்கடம். அங்கே ஈரத்தைவிட வெப்பம்தான் தொல்லை. 24 செல்சியஸைத் தாண்டத் தாண்ட, இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்க வாய்ப்பு கூடும். பொரித்தால் சுருட்டில் ஊசி முனை அளவு துளைகள் தெரியும்.

இனித் தமிழ்ச் சொல். சுருட்டு நமக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு'தான். உறையூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் என்று பேர்பெற்ற ஊர்களும் உண்டு. ஆனால் அந்தச் சுருட்டைக் கட்டாகக் கட்டிக் கடையில் வைத்தே விற்றார்கள். பெட்டி தேவைப்படவில்லை, பெயரும் பிறக்கவில்லை.

'ஈரப்பெட்டி' என்றால் நனைந்த பெட்டி போலாகிவிடும். 'ஈரமூட்டி' ஏற்கெனவே அறைக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் கருவியைக் குறிக்கிறது. 'ஈரப்பதப் பெட்டி' பிழையில்லை, நீளம்தான். என் தேர்வு 'பதப்பெட்டி'. பதம் என்பது கூடவும் குறையவும் இல்லாத நிலை. பாகுக்கும் பதம் உண்டு, உழவு மண்ணுக்கும் உண்டு. கள்ளாகப் புளித்துவிடாமல் சுண்ணாம்பால் தடுத்து வைப்பதைப் பதநீர் என்கிறோம். புகையிலையைப் பதப்படுத்துவது என்ற வழக்கும் இருக்கிறது. ஆங்கிலச் சொல் விட்டுவிட்ட பொருள் இதற்குள் அடங்குகிறது. வேறு பெட்டியோடு குழம்பும் இடத்தில் 'சுருட்டுப் பதப்பெட்டி', கடை அறைக்குப் 'பதவறை', உப்புப் பொட்டலத்துக்குப் 'பதப்பொட்டலம்' என்று நீட்டிக்கொள்ளலாம். கடைக்காரரிடம் கேட்கும்போது மட்டும் ஹியூமிடார் என்றே கேளுங்கள். பதப்பெட்டி என்றால் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.