பிள்ளையின் கையைக் கட்டாதீர்கள்

விரல்விட்டு எண்ணக்கூடாது என்று தடுக்கப்பட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில், இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வயதுச் சிறுமி. இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டான கே2 படிக்கிறாள், வரும் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று, அதாவது முதல் வகுப்பு. அம்மாவின் பையில் மூன்று கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள். அவற்றில் ஒன்று தொடக்கநிலை இரண்டுக்கானது. "கவனமே இல்ல டீச்சர். நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றா, ஒரு கூட்டல் போடச் சொன்னா திருதிருன்னு முழிக்கிறா. ஏதாவது குறைபாடா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றார். ஒரு தாளில் 8 + 5 என்று எழுதி அவள் முன் வைத்தேன். உடனே அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஏம்மா என்று கேட்டேன். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "விரல் யூஸ் பண்ணக்கூடாது" என்றாள்.

பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு கல்வி உளவியல் படித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பார்த்தாயிற்று. கைமேல் உட்காரும் பிள்ளையைப் பார்ப்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

பெற்றோர்களே, ஐந்தாறு வயதில் விரல்விட்டு எண்ணுவது சோம்பல் இல்லை. மந்தம் இல்லை. பிற்காலம் வரை ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கமும் இல்லை. 8 + 5 போட என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எட்டை மனத்தில் பிடித்துவைக்க வேண்டும். அதற்குமேல் ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏற வேண்டும். எத்தனை படி ஏறினோம் என்பதையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் எனக்கும் விடை நினைவில் தயாராக இருப்பதால் இந்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கோ, மூன்றாவது வேலையைத் தாங்கிப் பிடிப்பதே விரல்தான். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது குத்துமதிப்பு. "கவனமில்லை" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் அந்தக் குத்துமதிப்பைத்தான்.

விரலிலும் படிகள் உண்டு. முதலில் எட்டையும் ஐந்தையும் ஒன்றிலிருந்தே எண்ணுவாள். பிறகு எட்டை விட்டுவிட்டு ஒன்பதிலிருந்து தொடங்குவாள். 3 + 9 கொடுத்தால் ஒன்பதை முதலில் வைத்துக்கொள்ள ஒரு நாள் தானே கண்டுபிடிப்பாள். அப்புறம் ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைத்துப் பத்தைத் தொடுவாள். அந்தக் கட்டத்தில் விரல் தானாக மடங்கிவிடும், யாரும் மடக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளி வயதில் விரலைத் தாராளமாகப் பயன்படுத்தும் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குவதில்லை, முன்னேதான் நிற்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தொடக்கநிலை இரண்டின் முடிவில்தான் நிலைமை மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே சிறுமி ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். ஆதி தாளம் போடும்போது ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அங்கே விரலை எண்ணாவிட்டால் திட்டு, திங்கட்கிழமை எண்ணினால் திட்டு. பாட்டி விரற்கணுவில் நாமம் எண்ணுவதையும் அவள் பார்க்கிறாள். பாவம், எதைத்தான் எடுத்துக்கொள்வாள்?

அன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். பத்துக்காசு நாணயங்களை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் அடுக்கினேன். இரண்டும் சமம் என்றாள். அவள் கண்முன்னாலேயே ஒரு வரிசையை அகலப் பரப்பினேன். இப்போது எதில் நிறைய? நீண்ட வரிசையைத் தொட்டாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எண்ணிப் பாரும்மா!" எண்ணினாள். இங்கே ஆறு, அங்கேயும் ஆறு. எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் நீண்ட வரிசையையே தொட்டு, "இதுதான் நிறைய" என்றாள்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1920 வாக்கில் பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைகளோடு வேலை பார்த்தபோது, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்வதைக் கவனித்தார். அந்தத் தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. கண்ணுக்கு நீளமாகத் தெரிவது எண்ணிக்கையை வென்றுவிடும் வயது அது. ஏறத்தாழ ஏழு வயதில் இது மாறும் என்றார். நூறு வரை ஒப்பிப்பது பாட்டு ஒப்பிப்பது போல. எண்ணி முடிக்கும்போது சொன்ன கடைசி எண்தான் மொத்தம், இடம் மாற்றினாலும் அது மாறாது என்று புரிவது வேறு விஷயம்.

ஏழு வயது என்பதை இரும்புக் கதவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1974-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றினார்கள். பெரியவர் வரிசையைப் பரப்புவதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிடும். நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். பெரியவர் ஒருவர் எதையோ செய்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்புபோல என்று பிள்ளை நினைத்துக்கொள்ளக்கூடும். வீட்டில் நீங்கள் "ஷுவரா? நல்லா பாரு, ஷுவரா?" என்று கேட்கும்போது நடப்பதும் இதுதான். சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பாக எழுதும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். தயவுசெய்து அந்தக் கேள்வியை விடுங்கள். "எப்படி இந்த விடை வந்துச்சு, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள்.

பிள்ளை முணுமுணுத்தால் வாயை மூடச் சொல்லாதீர்கள். பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைத்தான் அழுத்திச் சொன்னார். தனக்குத்தானே பேசும் அந்தப் பேச்சுதான் மெல்ல உள்ளே இறங்கி எண்ணமாகிறது. இன்னொருவர் துணையோடு பிள்ளையால் இன்று முடிவது, நாளை தனியாக முடியும் என்றதும் அவர்தான். துணை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாதிவரை கைகொடுப்பது. எட்டாத புத்தகத்தை வாங்கிக் கையில் திணிப்பது துணையாகாது.

நம் பள்ளிகளே அப்படித்தான் தொடங்குகின்றன. முதலில் தொட்டுப் பார்க்கும் பொருள், அடுத்து படம், கடைசியில் எண்ணும் குறியும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புருனரின் கருத்தைத் தழுவி 1980-களிலிருந்து சிங்கப்பூர்க் கணிதத்தின் முதுகெலும்பாக இருக்கும் முறை இது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் சேரும் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019-இலேயே எடுத்துவிட்டது. பிறகு ஐந்து வயதுப் பிள்ளையை யாருக்காக விரட்டுகிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை மனக்கணக்கு வகுப்புக்குப் போகிறது என்பதற்காகவா?

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையைக் கட்டாமல் விடுங்கள். தேக்கா சந்தைக்குப் போனால் தக்காளியை அவளே எண்ணிப் பையில் போடட்டும், மீதிச் சில்லறையை அவள் வாங்கட்டும். மின்தூக்கியில் நாம் எட்டில் இருக்கிறோம், பதின்மூன்றுக்கு இன்னும் எத்தனை மாடி என்று கேளுங்கள். எண்களைத் தமிழிலும் சொல்லுங்கள். பதின்மூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வில் பத்து எங்கே என்று பிள்ளைக்குக் கேட்காது. நம்மிடம் சும்மா கிடக்கும் சொத்து இது. தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல் பத்து வினாடி பொறுங்கள். பாதிப் பிள்ளைகள் அதற்குள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? தொடக்கநிலை இரண்டு முடியும் நேரத்திலும் 3 + 2-க்கு ஒன்றிலிருந்து எண்ணினால், மேசைமேல் உள்ள மூன்று பொருளைப் பார்த்ததும் மூன்று என்று சொல்ல வராவிட்டால், ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்பதற்கே தயங்கினால், வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன்பே சந்தேகம் வந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். தொடக்கநிலை ஒன்றிலேயே கணக்கில் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து சிறு குழுவாகக் கற்பிக்கும் ஏற்பாடு பள்ளிகளில் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சிறுமியிடம் கையை வெளியே எடு என்றேன். எடுக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "எடு குட்டி, பரவாயில்ல" என்றார். ஒரு கையை மட்டும் எடுத்து மேசைமேல் விரித்து வைத்து, எட்டு என்று தலையைத் தொட்டாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பதின்மூன்று என்றாள், தமிழிலேயே. குறைபாடு எதுவும் இல்லை. அடுத்த சந்திப்புக்குப் புத்தகங்கள் வேண்டாம், அவள் மட்டும் வந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.