ஆஃப்லைன் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

இணையப் பக்கத்தைச் சேமித்து வைத்துப் பிறகு படிக்க உதவும் உலாவி நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) விளக்கத்தில் ‘ஆஃப்லைன்’ என்ற சொல் தவறாமல் வரும். இதை ‘அகல்நிலை’, ‘இணையமற்ற’, ‘இணைப்பில்லா’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே பொருள் தருவன அல்ல.

சொல்லின் உயிர் ‘லைன்’ என்பதில் இருக்கிறது. அதன் மூலமான இலத்தீனச் சொல் ‘லினியா’, ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்தது. நூலிலிருந்து கோடு வந்தது. பிறகு தந்திக் கம்பிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் அதுவே பெயரானது. ‘லைன் கிடைக்கவில்லை’ என்கிறோமே, அதே லைன்தான். கணினித் துறையில் மையக் கணினியோடு கம்பியால் சேராமல் தனியே வேலை செய்யும் கருவியை ஆஃப்லைன் என்றார்கள். 1959இல் அறிமுகமான ஐபிஎம் 1401 என்ற சிறிய கணினி பல இடங்களில் இப்படித்தான் பயன்பட்டது. துளை அட்டையில் உள்ளதைக் காந்த நாடாவில் ஏற்றித் தரும். ஓர் ஆள் அந்த நாடாவைக் கழற்றி, ஐபிஎம் 7090 போன்ற பெரிய கணினியில் கொண்டுபோய் மாட்டுவார். விடையும் நாடாவிலேயே திரும்பி வந்து அச்சாகும்.

ஆக, இல்லாதது இணைப்பு. அதனால் ‘இணைப்பில்லா’ என்பதே சரி. ‘அகல்நிலை’ என்பது ஆன்லைனைக் குறிக்கும் ‘நிகழ்நிலை’க்கு எதிர்ச்சொல்லாகக் கட்டியது, எதிலிருந்து அகன்றது என்பதை அது சொல்வதில்லை. ‘இணையமற்ற’ என்பது பொருளையே மாற்றிவிடும்: அலுவலக உள்வலையில் இணையம் இல்லாமலே இணைப்பு இருக்கலாம். எழுதும்போது ஒற்று மிகும்: இணைப்பில்லாப் பக்கம், இணைப்பில்லாச் சேமிப்பு.

எக்ஸ்டென்ஷனுக்கு ‘நீட்சி’ நிலைத்துவிட்டது. ஆள் ஆட்சியானதுபோல, மீள் மீட்சியானதுபோல, நீள் நீட்சியானது. மூலச்சொல்லின் பொருளும் நீட்டுதல்தான்.

நீட்சி சேமித்துத் தருவதை எப்படி அழைப்பது? ஏட்டுச் சுவடிக்குப் படியெடுத்த மொழியில் ‘படி’ ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் பொத்தானில் ‘இணைப்பில்லாமல் படி’ என்று போட்டால் வாசிக்கச் சொல்லும் ஏவலாகிவிடும். பொருளுக்குப் ‘பக்கப்படி’, செயலுக்கு ‘இணைப்பின்றிப் படிக்க’ என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

உலாவியின் ‘முழுப் பக்கமாகச் சேமி’ ஒரு எச்டிஎம்எல் கோப்பையும் பக்கத்திலேயே ஒரு கோப்புறையையும் தரும். கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தினால் படங்கள் போய்விடும். சிங்கிள்ஃபைல் போன்ற நீட்சிகள் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளை உரையாகவும், படம், எழுத்துரு ஆகியவற்றைப் பேஸ்64 என்ற முறையில் வெறும் எழுத்துகளாக்கியும் ஒரே கோப்புக்குள் புதைக்கின்றன. பேஸ்64 முறையில் 3 பைட்டுக்கு 4 எழுத்து ஆவதால் 300 கிலோபைட் படம் 400 கிலோபைட்டாக வீங்கும். வேறு சில நீட்சிகள் உலாவியின் உள்சேமிப்பிலேயே வைக்கின்றன. நீட்சியை நீக்கினால் சேமித்ததும் கூடவே அழியும். நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் தனிக் கோப்பாகவே எடுப்பது நல்லது.

படி பழுதாவதற்கு முதற்காரணம் அவசரம். பல தளங்களில் படம் திரைக்கு வரும்போதுதான் இறங்கும். மேலே நின்றபடியே சேமித்தால் கீழே வெற்றுப் பெட்டிகள்தான் கிடைக்கும். கடைசி வரை மெதுவாக உருட்டி, சுருக்கி வைத்த பகுதிகளை விரித்து, அதன்பின் சேமிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அப்படியே விட்டு வைத்த படி, திறந்ததும் தளத்தின் வழங்கியை (சர்வர்) தேடி ஓடி, கிடைக்காமல் வெள்ளைத் திரையாக நிற்கக்கூடும். நிரலை நீக்கிய படியில் தேடல் பெட்டி இயங்காது, அது பழுதல்ல. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் தரும் யுனிகோடுக்கு முந்தைய தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே ‘அ’ என்று தெரிவது உண்மையில் வேறொரு எழுத்தின் குறியெண்; தமிழ் வடிவம் தருவது எழுத்துரு மட்டுமே. எழுத்துருவும் படிக்குள் வராவிட்டால் ஒரு வரிகூடத் தேறாது.

படி தேறியதா என்று பார்க்க, உலாவியை முழுதும் மூடி, கணினியின் வைஃபையை அணைத்து, கம்பியையும் பிடுங்கிவிட்டுத் திறக்க வேண்டும். இணைப்பு இருக்கும்போதே திறந்தால், விடுபட்ட படங்களை உலாவி வழங்கியிலிருந்து கொண்டுவந்து நிரப்பிவிடும், குறை கண்ணில் படாது.