இவ்வளவு உயரம் இருந்தால்தான் த்ரெட் எழுதலாம்

மொசில்லா நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ராட்டினத்தில் சிறுவர்களை ஏற்றும் முன் உயரம் பார்ப்பார்களே, அதே பாணியில்: பல த்ரெட் ஓடும் கோட் எழுத இவ்வளவு உயரம் இருக்க வேண்டும். (ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் தனித்தனியே ஓடும்; அப்படி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்.) ஒட்டியிருந்த இடமோ ஆட்களின் தலைக்கு வெகு மேலே. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை எழுதியவர்களே இப்படிச் சொல்லிச் சிரித்தார்கள். அதில் மிகை எதுவும் இல்லை. காரணம் புரிய ஒரே ஒரு வரி கோட் போதும்.

ஓர் இணையதளத்துக்கு வந்தவர்களை எண்ணும் வரி அது: எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. பார்க்க ஒரே வேலை. பிராசசருக்கோ அது பொதுவாக மூன்று வேலை. நினைவகத்திலிருந்து எண்ணை எடுக்க வேண்டும், ஒன்று கூட்ட வேண்டும், பழைய இடத்திலேயே திரும்ப எழுத வேண்டும். இப்போது எண் 41 என்று வைத்துக்கொள்வோம். முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது திரும்ப எழுதுவதற்குள் இரண்டாவது த்ரெட்டும் அதே 41-ஐ எடுத்துவிடுகிறது. இரண்டும் 42 என்று எழுதிவிட்டுப் போகின்றன. வந்தவர்கள் இருவர், கணக்கில் ஏறியது ஒருவர். எரர் எதுவும் வராது. லட்சம் முறை சரியாக ஓடிய கோட் அடுத்த முறை தப்பாக எண்ணும். இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். புரோகிராமர்களின் பழைய ஜோக் ஒன்று இதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது:

"டக் டக்."
"ரேஸ் கண்டிஷன்."
"யாரது?"

கேள்வி வருவதற்குள் பதில் முந்திக்கொண்டது.

இந்த பக்கை, அதாவது கோடில் ஒளிந்திருக்கும் பிழையை, தேடிப் பிடிப்பது தனிப் பாடு. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க, எண்ணைத் திரையில் காட்டும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால், பக் மறைந்துவிடலாம். பிரிண்ட் செய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் எந்த த்ரெட் முந்துகிறது என்பதே மாறிவிடும். அந்த வரியை எடுத்தால் பக் திரும்ப வந்து நிற்கும். பார்க்கப் போனாலே மாறிவிடுவதால், நிச்சயமின்மைத் தத்துவம் சொன்ன இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை நினைத்து இதற்கு ஹைசன்பக் என்று பெயர் வைத்தார்கள்.

சிரிக்க முடியாத இடமும் உண்டு. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சாஸில் நடந்த விபத்துகளில் ஆபரேட்டர் எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, தவறு என்று கண்டு உடனே எலெக்ட்ரான் என்று திருத்தினார். கருவியின் காந்தங்கள் தயாராகச் சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தம் திரையில் சரியாகத் தெரிந்தது. கருவியை அமைக்கும் கோடின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. நிதானமாகத் தட்டியிருந்தால் இது நடந்திருக்காது. வேலையில் கை பழகியவர்களிடம்தான் நடந்தது. த்ரெட் எழுத உட்காரும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும் என்பேன்.

சரி, ரேஸ் கண்டிஷனுக்கு மருந்து? லாக், அதாவது பூட்டு. எண்ணைத் தொடும் முன் லாக்கை எடு, முடிந்ததும் விடு. ஒரு த்ரெட் அதை வைத்திருக்கும்வரை மற்றவை காத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழைவதற்கான வழியை கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இலேயே எழுதி வெளியிட்டார்.

லாக் இரண்டானால் வேறு தொல்லை. 'அ' கணக்கிலிருந்து 'ஆ' கணக்குக்குப் பணம் மாற்றும் த்ரெட், 'அ'வின் லாக்கை எடுத்துவிட்டு 'ஆ'வுக்குக் காத்திருக்கிறது. அதே நொடியில் எதிர்த்திசையில் பணம் மாற்றும் த்ரெட், 'ஆ'வை எடுத்துவிட்டு 'அ'வுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. இதுதான் டெட்லாக். பணம் எந்தத் திசையில் போனாலும் சின்ன கணக்கு எண்ணின் லாக்கையே முதலில் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் இது தீரும்.

ஆனால் லாக் என்பது வெறும் உடன்பாடு. யாரோ ஒருவர் அதை எடுக்காமல் நேரே எண்ணைத் தொட்டால், சி பிளஸ் பிளஸ் போன்ற புரோகிராம் மொழி தடுக்காது. வலைப்பக்கத்தின் எழுத்து, நிறம், அளவுகளைக் கணக்கிடும் வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்க மொசில்லா அந்த மொழியில் இரண்டு முறை முயன்று கைவிட்டது. அப்புறம் அங்கேயே வளர்ந்த ரஸ்ட் மொழியில் எழுதி முடித்தார்கள். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57-உடன் அது வெளிவந்தது. ரஸ்ட்டில் எண் லாக்குக்கு உள்ளேயே இருக்கும். லாக்கை எடுக்காமல் எண்ணைத் தொடும் வரியை எழுதினால், சாதாரண ரஸ்ட் கோடில் அது கம்பைலே ஆகாது; கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அதை ஏற்காது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. மனிதர் மறந்தாலும் கம்பைலர் மறக்காது.

டெட்லாக்கை மட்டும் ரஸ்ட் தடுப்பதில்லை. எந்த லாக்கை முதலில் எடுப்பது என்ற வரிசையை அங்கேயும் எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.