மாடு பாலை அடக்குவது திமிரால் அல்ல

“நல்லா கறந்துட்டிருந்த மாடு, டாக்டர். ஆளை மாத்துனதுல இருந்து பாலை அடக்குது. ஒரு ஊசி போட்டு விடுங்க.” கால்நடை மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது. கேட்பது, பாலை இறங்கச் செய்யும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் ஊசி. பால் இறங்க மட்டும் என்றால் போடமாட்டேன்.

மாடு நினைத்துப் பாலை அடக்குவதில்லை. காம்பைத் தொட்ட உணர்வு நரம்பு வழியே தண்டுவடம் ஏறி, மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கே உருவாகி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேர்ந்திருக்கும் ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. பால் நுண்ணறைகளைச் சுற்றிய செல்கள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. இதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பயம் இந்தப் பாதையை மறித்துவிடும். 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈலியும் பீட்டர்சனும் மாட்டின் முதுகில் பூனையை விட்டார்கள், காகிதப் பைகளை வெடித்தார்கள், பால் இறங்கவில்லை. பயத்தில் சுரக்கும் ஹார்மோனான அட்ரினலினைச் செலுத்தியபோதும் அப்படியே. பாலுக்காக மாட்டை அடிப்பவர், வரவேண்டிய பாலைத் தானே தடுக்கிறார்.

தாய்ப்பன்றியிடம் இதே ஆக்ஸிடோசின் வேறு கணக்கில் வேலை செய்கிறது. உறுமல் வேகமெடுக்கும், பால் இறங்குவது சுமார் 20 விநாடிதான். அதற்குள் குட்டிகள் குடித்தாக வேண்டும்.

செம்மறிதான் என்னை அதிகம் வியக்க வைப்பது. ஈனும்போது கருப்பை வாய் விரிவதே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகிறது. மூளைக்குள் சுரக்கும் ஆக்ஸிடோசின், குட்டியின் வாசனையைச் சில மணி நேரத்தில் தாயின் மோப்பப் பகுதியில் பதிய உதவுகிறது. அதன்பின் வேறு குட்டி வந்தால் தாய் முட்டித் தள்ளும். இறந்த குட்டியின் தோலைத் தாயில்லாக் குட்டிக்குப் போர்த்தி ஊட்டவிடும் மேய்ப்பர் வழக்கம் பலிப்பது இதனால்தான். நம் ஊரில் செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்துவதும் இதே நம்பிக்கையில்.

ஆகவே, புது ஆள் கறக்க வருகிறார் என்றால் சில நாள் பழைய ஆளோடு நின்று தீவனம் வைக்கட்டும். காம்பைக் கழுவித் துடைத்து, நீவிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துக் கறக்கத் தொடங்குங்கள்; ஏழெட்டு நிமிடத்தில் முடியுங்கள். தினமும் ஊசி போட்டால் மாடு அதற்கே பழகி, தானாகப் பால் இறக்குவது குறையும். உடல்நலத்தைக் கெடுக்கும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வலியாலும் பால் இறங்காமல் போகலாம். காம்பில் வெடிப்போ, பாலில் திரிதிரியாகக் கட்டியோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.